எங்கே பட்டால் விழும்

இன்று காலை ஒருவர் திருத்தக் கொண்டுவந்த பழைய மொனிட்டரைப் போட்டுப் பார்த்தேன். சூடேறியதும் உள்ளே படிந்திருந்த தூசி கருகி மணந்தது. மன்னாரில் நீயும் நானும் சேர்ந்து நடத்திய கொம்பியூட்டர் வகுப்பின் அதே மணம்.

பிள்ளைகள் போன பிறகு நீ அந்த விமானச் சண்டை விளையாட்டைப் போடுவாய். வெல்வதில் உனக்கு அக்கறையே இருக்கவில்லை. எதிரி சுடட்டும் என்று விட்டுவிட்டு, உன் விமானம் எப்படி விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாய்.

"முந்தின கேம்களில விமானத்துக்கு ஒரே உயிர்தான் மச்சான். எங்க பட்டாலும் அது குறையும், முடிஞ்சா வெடிக்கும். இதில அப்பிடியில்லை. பட்ட இடத்தைத்தான் கணக்குப் பார்க்குது," என்று எனக்கு விளக்குவாய்.

இறக்கையில் பட்டால் ஒரு பக்கம் சரியும். எண்ணெய்க் குழாயில் பட்டால் ஒன்றும் நடவாததுபோலப் பறந்துகொண்டே இருக்கும். பிறகு எஞ்சின் சூடேறி இறுகிவிடும். "ஓட்டுறவனுக்கே தெரியாது பார், தான் முடிஞ்சுபோன ஆள் எண்டு," என்பாய்.

சில வேளைகளில் அரசாங்கத்தின் உண்மையான போர் விமானம், கிபிர், தலைக்கு மேலால் வன்னிப் பக்கம் குண்டு போடப் போகும். அதன் இரைச்சல் அடங்கும்வரை நீ விளையாட்டை நிறுத்தி வைப்பாய்.

சுற்றிவளைப்புத் தேடுதல் நடந்த அன்று பின்னேரம் ஆமிக்காரர் வகுப்புக்குள் வந்தபோது, திரையில் ஒரு விமானத்தின் படம் நின்றது. பழுதான பகுதிகள் சிவப்பாகத் தெரிந்தன. அதிகாரிக்குத் தமிழ் தெரிந்திருந்தது.

"இது என்ன?"

"கேம் சேர்."

"சிவப்பு?"

"அடிபட்ட இடங்கள் சேர்."

"சரி. எங்க அடிச்சா கெதியா விழும்?"

மேசைக்குக் கீழே உன் காலை மிதித்தேன். ஆனால் உனக்கு மிகவும் பிடித்த கேள்வி அது. அவருக்குக் கதிரையை இழுத்துப் போட்டாய். எண்ணெய்த் தாங்கி, வாலுக்குப் போகும் கம்பி, ஓட்டுபவரின் இருக்கை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாய். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். உன் தோளில் தட்டினார். "கெட்டிக்காரன். வீடு எங்க?"

"முருங்கன், சேர்."

அவர்கள் போனதும் உனக்கு ஒரே சந்தோசம். "பாத்தியா, அந்தாளுக்கு நல்லா விளங்கிட்டுது."

"அதுதான்டா எனக்குப் பயமாக் கிடக்கு," என்றேன்.

அன்றே அந்த விளையாட்டை அழிக்க வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. வாரங்கள் போயின. நானும் மூச்சு விடத் தொடங்கினேன். பிறகு ஒரு காலை, நீ பஸ்ஸால் இறங்கி வந்த வழியில், இலக்கத் தகடு இல்லாத வான் ஒன்று நின்றது. தேத்தண்ணிக் கடைக்காரர் கண்டிருக்கிறார். "பேர் சொல்லிக் கூப்பிட்டவங்கள், தம்பி. அவரும் ஓம் எண்டு திரும்பினவர்."

யார் கொண்டுபோனார்கள், அந்தப் பின்னேரத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா, இன்றுவரை தெரியாது. உன் அம்மாவோடு ஆமி முகாம் ஒவ்வொன்றாகப் போனேன். எல்லா வாசலிலும் இங்கே இல்லை என்றார்கள். திரும்பும் வழியில் ஒருநாள் அம்மா கேட்டார், "அவன் அண்டைக்கு அந்த ஆமிக்காரனிட்ட என்ன பிழையாச் சொன்னவன், தம்பி?"

"ஒண்டும் பிழையாச் சொல்லேல்லை அம்மா. கேட்டதுக்கெல்லாம் சரியாத்தான் சொன்னவன்."

இப்போதும் ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று யாராவது கேட்டால், தெரியாது என்பதுதான் என் வாயில் முதலில் வருகிறது. நன்றாகத் தெரிந்தவற்றுக்கும் அப்படித்தான் சொல்கிறேன்.