ரோஸி பாடிய உன் பெயர்

என் உயிரான ஏழுமலை அண்ணனுக்கு,

அம்மா தூங்கிவிட்டாள். அப்பா கடலுக்குப் போயிருக்கிறார். விடிந்ததும் கரைக்கு வந்துவிடுவார். சிம்னி விளக்கைப் பாவாடையால் மறைத்துக்கொண்டு அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். யாராவது பார்த்துவிட்டால் என் கதி அவ்வளவுதான். ஆனாலும் இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய் எட்டு மாதம் ஆகிறது. நீ இல்லாமல் உன் சாவுப்பாட்டு செட்டு கலைந்துவிடும் என்று நினைத்தேன். சாவு வீட்டில் நீ மைக்கைப் பிடித்தால் தொண்டை கிழியக் கத்துவாய். கன்னியப்பண்ணன் சட்டி மேளத்தை உடைத்துவிடுவது போல் அடிப்பார். கல்லாக உட்கார்ந்திருக்கிற பெண்கள்கூட அந்தச் சத்தத்தில் கதறிவிடுவார்கள். நீ போனபிறகு இரண்டு சாவுக்குப் பாட்டே இல்லாமல் வெறும் மேளம் மட்டும் அடித்தார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. உன் இடத்தில் யாரும் இல்லை.

பிறகு ரோஸி வந்தாள். சதுரங்கப்பட்டினம் மாதா கோயிலில் பாடுகிறவள். என்னைவிட இரண்டே வயது பெரியவள். அவள் அம்மா கல்பாக்கத்தில் கட்டிடம் கட்டுகிற இடத்தில் சித்தாள். அவளுக்காக எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள், அண்ணா. மேளத்தின் மேல் துணியைப் போட்டு மெதுவாக அடிக்கிறார்கள். தந்தியை மீட்டி வாசிக்கிற ஒரு புல்புல்தாராவை எங்கிருந்தோ வாங்கி வந்திருக்கிறார்கள். அவள் ஒரு வரி பாடிவிட்டு நிறுத்துவாள். அந்த இடைவெளியில் அலைச் சத்தம் கேட்கும். ஜனங்கள் அதற்கும் அழுகிறார்கள்.

மீன் கூடையோடு போன பவுனக்கா என்னை நிறுத்திச் சொன்னாள்: "உங்கண்ணன் கத்துவான்டி, இது பாடுது. காதுக்கு இன்னா சொகமா கீது தெரியுமா!" அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் பாட்டெல்லாம் எனக்குத் தெரியும். நீ பாதியில் விட்டுவிட்டதும் தெரியும். ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை. நீ இருந்தபோது ஒருநாள் மைக்கைத் தொடப் போனேன், நீயே கையில் தட்டினாய். "பொட்டப்புள்ள சாவூட்ல பாடுனா எவன்டி கட்டிப்பான்?" என்றாய். ரோஸியை எவன் கட்டிப்பான் என்று மட்டும் ஏன் ஒருவரும் கேட்கவில்லை?

இனிமேல்தான் நான் செய்தது. கோபப்படாமல் கேள்.

சித்திரையில் கன்னியப்பண்ணன் வீட்டுக்கு வந்தார். "யம்மா, ஏயுமல பாட்டு நோட்டு வோணும். இந்தப் பொண்ணு கத்துக்கணும்" என்றார். அம்மா நோட்டைக் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டாள். "தனம் பாத்து எய்திக் குடுப்பா, எத்துகினு போ" என்றாள்.

செத்தவர் பெயர் வரும் இடத்தில் நீ வெறும் கோடு போட்டு வைத்திருப்பாய். எந்த வீட்டுக்குப் போகிறாயோ, அந்த வீட்டுப் பெயரை அங்கே வைத்துப் பாடுவாய். நான் கோடு போடவில்லை. எல்லா இடத்திலும் ஏழுமலை என்று எழுதிக் கொடுத்தேன். உன் பாட்டில் வேறு யார் பெயரும் உட்காரக் கூடாது என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன், சத்தியமாக.

ரோஸி உன் பெயரோடுதான் மனப்பாடம் செய்தாள். ஒவ்வொரு வீட்டிலும் கன்னியப்பண்ணன் காதில் சொல்லச் சொல்ல, பெயரை மாற்றிப் பாடிவந்தாள். முந்தாநாள் தெற்குக் குப்பத்தில் படகுக்காரர் வேலாயுதம் செத்துப்போனார். நானும் அம்மாவும் போயிருந்தோம். கன்னியப்பண்ணன் மேளத்தில் மூழ்கி, காதில் பெயரைச் சொல்ல மறந்துவிட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "அலை வந்து கூப்பிடுது, எழுந்து வா ஏழுமலை" என்று பாடிவிட்டாள். மூன்று முறை.

செத்தவருடைய மகன் எழுந்து மைக்கைப் பிடுங்கி, கன்னியப்பண்ணனைப் பார்த்துக் கத்தினார். "யோவ், நிறுத்துய்யா! எங்க நைனா இங்க கெடக்கறாரு, நீ எவனோ ஏயுமலய எயுப்பிகினு கீற? செத்தவன எங்க வூட்டுக்கு இட்டாறியா?"

ஒரு சாவு வீட்டில் இன்னொரு செத்தவர் பெயரைச் சொல்லி எழுப்பினால் அடுத்த சாவு அந்த வீட்டில்தான் என்று நம் பக்கத்தில் பயப்படுவார்களே. கன்னியப்பண்ணன் காலில் விழுந்தார். அப்படியும் செட்டை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்து.

திரும்பி வரும்போது சவுக்குத்தோப்பு வழியில் கன்னியப்பண்ணன் ரோஸியைத் திட்டினார். "செட்டு மானமே பூட்ச்சி. பஞ்சாயத்துல வுயுந்து கும்புட்டுட்டு, நீ உன் மாதா கோயிலோட நின்னுக்கோ."

"எய்திக் குடுத்தபடிதாண்ணா கத்துக்கினேன்" என்றாள் அவள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். தெரிந்துதான் பார்த்தாளா? தெரிந்தும் ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை?

நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. அவள் போய்விடுவாள். ஆனால் இரண்டு நாளாகத் தூக்கமில்லை. ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே. அவள் உன் பெயரைப் பாடியபோது நான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். நீ வந்துவிடுவாய் என்று நிஜமாகவே திரும்பினேன். நானும் தினமும் உன்னைக் கூப்பிடுகிறேன், ஒருநாளும் அப்படித் திரும்பிப் பார்த்ததில்லை. என் அண்ணனை என்னைவிட அவள் நன்றாகக் கூப்பிடுகிறாள். இதை என்னால் தாங்க முடியவில்லை, அண்ணா.

அப்பாவுக்குத் தெரிந்தால் தோலை உரிப்பார். பள்ளிக்கூடத்திலிருந்தும் நிறுத்திவிடுவார். ஊர் என்னைச் சூனியக்காரி என்றுகூடச் சொல்லும்.

இருந்தாலும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உன் நோட்டை எடுத்துக்கொண்டு பஞ்சாயத்துக்குப் போவேன். நீ போட்ட கோட்டையும் நான் எழுதிக் கொடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன். பிறகு நோட்டை ரோஸி கையில் கொடுப்பேன். அப்போதும் எனக்கு அவள் மேல் பொறாமையாகத்தான் இருக்கும். அடி வாங்கிய பிறகும் இருக்கும். பொறாமை போனபிறகு சொல்லலாம் என்று காத்திருந்தால், என் வாழ்நாளில் சொல்லவே மாட்டேன்.

உன் கூடப்பிறந்த ஒரே தங்கச்சி,
தனம்