கத்தி முடிக்கட்டும் என்று நின்றேன்

மிரி, சரவாக்

அன்புள்ள அப்பாவுக்கு, ரூபினியின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அம்மா பிரஷர் மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா? நான் நலம்.

ஒரு விஷயம், பயப்பட வேண்டாம், சிரிக்கத்தான் சொல்கிறேன். சனிக்கிழமை பள்ளிகளுக்கிடையே சாஃப்ட்பால் போட்டி. நான்தான் நடுவர். கடைசியில் ஓடிவந்த ஒரு மாணவிக்கு அவுட் கொடுத்தேன். உடனே அவர்களுடைய கோச் பாய்ந்து வந்து, "டீச்சர், மாத்தா லெத்தாக் மானா?" என்று கத்தினார். கண்ணை எங்கே வைத்தேனாம்!

பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித்தந்தது இதுதான்: முகக்கவசத்தைக் கழற்று, கையைப் பின்னால் கட்டு, பதிலுக்குக் கத்தாதே. ஒரு நிமிடம் பேசவிட்டு எச்சரி. அடங்காவிட்டால் திடலைவிட்டு வெளியேற்று.

நான் எச்சரிக்கவே இல்லை. மூன்று நிமிடம் அப்படியே நின்றேன். நம் ஊர் லூனாஸ் திடலில் பந்து விளையாட்டு பார்க்கும்போது நீங்கள், "டேய் ரெஃப்ரி, கண்ண வீட்லயே வெச்சிட்டு வந்தியாடா?" என்பீர்களே, அதே தொண்டை, அதே ஆட்டும் விரல். என் முகத்தில் சிரிப்பைப் பார்த்ததும் அவருக்கே குழப்பமாகிவிட்டது. "ஓகேலா டீச்சர்" என்று திரும்பிப் போய்விட்டார்.

என் பொறுமையை எல்லாரும் மெச்சினார்கள். பொறுமையெல்லாம் இல்லை, அப்பா. இங்கே எல்லாரும் என்னிடம் ரொம்ப மரியாதையாகப் பேசுகிறார்கள்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் கோலா கெடா நெத்திலி கொடுத்தனுப்புங்கள். இங்கேயும் கிடைக்கிறது, இருந்தாலும் அனுப்புங்கள்.

மணி அடித்துவிட்டது, வகுப்புக்குப் போகவேண்டும். புதன்கிழமை போன் செய்கிறேன். என்னைத் திட்ட ஏதாவது காரணம் தேடி வையுங்கள்.

உங்கள் மகள்,
ரூபினி