“எடம் கீதே” என்பீர்கள்

இன்று காலை கீழ்க்கடையில் உப்பு மூட்டை இறக்கினார்கள். ஈரச் சாக்கின் வாடை மாடிவரை ஏறி வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் இத்தனை வருஷம் கழித்தும் உங்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது என்றால் யார் நம்புவார்கள்?

எண்ணூர் ஃபேக்டரியில் ஃபிட்டர் நீங்கள். பஸ்ஸுக்கு நிற்கும் பொறுமை ஒருநாளும் இருந்ததில்லை. துறைமுகம் போகும் லாரியோ மாதவரத்துப் பால் வண்டியோ, எது வந்தாலும் கை நீளும். அதை ஓசிச் சவாரி என்றால் ரோஷம் வந்துவிடும். “ஓசி இல்லம்மே. அவனும் அந்தாண்ட போறான், நானும் போறேன்” என்பீர்கள். மேடேறும் லாரியை மறிக்கக் கூடாது, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கக் கூடாது, அவர் பேசினால் பேச வேண்டும் என்று சட்டதிட்டம் வேறு. தான் ஏறினால் போதாது, வழியில் நிற்கிறவர்களையும் ஏற்ற வேண்டும். அது யாருடைய லாரி என்ற நினைப்பே இருக்காது.

எழுபதுகளின் தொடக்கம் அது. மூத்தவள் பிறந்த அன்று பஸ் ஸ்டிரைக். முந்தின நாளே ராயபுரத்தில் அம்மா வீட்டில் விடச் சொன்னேன். வண்டிக்கா பஞ்சம் என்று சிரித்தீர்கள். விடிந்ததும் வலி. உப்பு லாரி ஒன்றை மறித்து, என்னை டிரைவர் பக்கத்தில் ஏற்றிவிட்டு, நீங்கள் பின்னால் மூட்டைமேல் ஏறினீர்கள். கத்திவாக்கம் தாண்டுவதற்குள் கூரையைத் தட்டி நிறுத்தினீர்கள். ஷிஃப்டுக்குப் போகிற ஆட்களாம். எர்ணாவூரில் மறுபடி தட்டல். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். திருவொற்றியூரில் மீன்கூடையோடு ஓர் அம்மா கை காட்டினாள். அங்கேயும் தட்டல். தலையை வெளியே நீட்டி, நான் செத்தால்தான் உங்களுக்குத் திருப்தியா என்று கத்தினேன்.

மேலிருந்து குனிந்தீர்கள். “இன்னா இப்போ, எடம் கீதே.”

பின்னால் ஆம்பளைக் கூட்டம் நெருக்கியதால் அந்த அம்மா என் பக்கத்தில் ஏறினாள். மீன் வாடையில் குமட்டியது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. அது திறக்கும்வரை பிள்ளை பொறுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்ததுமே அந்த அம்மா டிரைவரை இறங்கச் சொன்னாள், ஜன்னலில் அவர் போர்வையைக் கட்டினாள், தண்ணீர் கேட்டாள். “பயப்படாத கண்ணு, என்னைப் புட்ச்சிக்கோ” என்றாள். கேட் திறந்தபோது மகள் அழுதுகொண்டிருந்தாள்.

எட்டிப் பார்த்தீர்கள். கண்ணில் தண்ணீர். ஆனாலும் வாயில் வந்த முதல் பேச்சு, “பாத்தியா, ஏத்திக்கினது நல்லதாப் போச்சு.” எழுந்து அறையத் தெம்பில்லை எனக்கு. முந்தின நாளே கொண்டுபோய் விட்டிருந்தால் இந்த லாரியே வேண்டியிருக்காதே என்று அப்புறம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! ஒருவரும் காதில் வாங்கவில்லை. ஏறிய லாரியிலெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி நீங்கள்தான் கெட்டிக்காரர் ஆனீர்கள்.

உங்களைக் கல்லறைக்குக் கொண்டுபோன வண்டியில்கூட எனக்குத் தெரியாத முகங்கள்தான் நிறைய. எப்போதோ உங்களால் லாரி ஏறியவர்களாம். என்னை ஓரத்தில் நெருக்கி உட்காரவைத்தார்கள்.

இப்போது ஆட்டோவில் தனியாகத்தான் போகிறேன். நடுவில் தாராளமாக உட்காரலாம். ஏறியதும் உடம்பு தானாக ஓரத்துக்கு ஒதுங்கிவிடுகிறது. யாருக்காக என்று எரிச்சலாக வருகிறது. ஆனாலும் நகர்ந்து உட்காருவதில்லை.