உத்தரத்தில் ஒடிந்த ஊசி

பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஏணி போட்டேன். கூடத்து உத்தரத்தில் ஒட்டடை துடைக்கையில் விரலில் சுருக்கென்று குத்தியது. உன் கோணி ஊசியின் முனை. நீ போய் மூன்று மாசமாகிறது, இன்னும் குத்துகிறாய்.

நில உச்சவரம்புச் சட்டமும் கூலிச் சண்டையும் சேர்ந்து மிரட்ட, மிராசுதார் வீட்டை விற்றுவிட்டுப் பட்டணம் கிளம்பிய வருஷம் ஒடிந்தது அது. அந்த வீட்டுக் கொல்லை வாசலில்தான் நம் இரண்டு பேர் அப்பாவும் கூலி நெல்லுக்கு நின்றார்கள். நீ கும்பகோணத்தில் கோணி ஊசியால் மூட்டை குத்திப் பார்த்து, நெல் தரகு செய்து கொஞ்சம் சேர்த்திருந்தாய். நான் கொத்தனார், ஊரார் வீட்டையெல்லாம் கட்டிவிட்டுக் கீற்றுக் கொட்டகையில் படுத்தவன்.

விலை பேசுமுன் ரிப்பேருக்கு என்ன ஆகும் என்று பார்க்க என்னைக் கூப்பிட்டாய். நான் கூரைமேல் ஏறி ஓடு பார்த்தேன். கீழே நீ என்ன செய்தாய் என்று கவனிக்கவில்லை. இறங்கி வந்து வாய் கூசாமல் சொன்னேன்: "உத்தரம் பூரா கரையான். கூரையையே பிரிக்கணும். இந்த வீடு வேணாம்டா."

"நல்லா பாத்தியா?" என்றாய். பார்த்தேன் என்று ரிப்பேர் செலவை இரண்டு மடங்காகச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். எனக்கு அந்த வீடு கிடைக்காது என்று தெரியும். உனக்கும் கிடைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

நீயோ அந்தச் சீட்டையே மிராசுதாரிடம் நீட்டி, பாதி விலைக்கு முடித்துவிட்டாய். ரிப்பேர் வேலையும் எனக்கே. சொன்ன பொய்க்காக நல்ல உத்தரத்தைக் கழற்ற வேண்டியதாயிற்று. முட்டுக் கொடுத்து, நாலு ஆள் பிடித்து இறக்கினோம். அத்தனையும் வைரம் பாய்ந்த தேக்கு. அதில் ஒடிந்து நின்றது உன் ஊசி முனை.

ஆட்கள் டீ குடிக்கப் போனதும் பக்கத்தில் வந்தாய். "அன்னிக்கே குத்திப் பாத்துட்டேன்டா. உன் சீட்டாலதான் வெல எறங்குச்சு. இத நீ எடுத்துக்க, உன் வீட்டுக்குப் போடு."

திட்டியிருந்தால் என் பொறாமை அன்றோடு தீர்ந்திருக்கும். கொடுத்துவிட்டாயே! அந்த உத்தரத்துக்காகவே சுவர் எழுப்பி, இத்தனை வருஷம் அதன் கீழேதான் படுக்கிறேன். உன் சாவுக்கு வந்த கூட்டத்தைப் பார்த்தும் எனக்கு வயிறு எரிந்தது.

குறடு எடுத்தால் ஒரு நிமிஷ வேலை. பிடுங்கவில்லை. துருப்பிடிக்காமல் இருக்க ஒரு சொட்டு எண்ணெய் வைத்துவிட்டு இறங்கினேன்.