சதாபிஷேகப் பந்தியில் சூடான்

4 நவம்பர் 2025, ஜனக்புரி

தை மாதம் எனக்குச் சதாபிஷேகம். ஆயிரம் பிறை கண்டவனுக்குரிய நீராட்டு; பின்னர் இருநூறு பேருக்கு இலைச் சாப்பாடு. பட்டியலை எழுதி முடித்து மனைவியிடம் பெருமையுடன் நீட்டினேன். பட்டு படித்துப் பார்த்துவிட்டு, விருந்து வேண்டாம், அந்தச் செலவைச் சூடானுக்கு அனுப்பலாம் என்றாள். அங்கே போராம், பஞ்சமாம், மாட்டுத் தீவனத்தைத் தின்கிறார்களாம், கேட்பாரில்லையாம்.

"உங்க லிஸ்ட்ல பாதிப் பேருக்குச் சர்க்கரை. பாயசத்தைப் பார்த்துட்டுப் போறதுக்கா வரச் சொல்றேள்?"

5 நவம்பர்

தேசம், காலம், பாத்திரம் (அதாவது பெறத் தகுந்தவர்) மூன்றும் பொருந்தினாலன்றித் தானம் ஆகாது என்பது சாஸ்திரம். வாங்குவோர் இன்னார், இன்ன கோத்திரம் என்று அறியாமல் கொடுப்பதெங்ஙனம்? பொறுமையாக எடுத்துரைத்தேன்.

"ரிட்டையராகி இருபது வருஷமாச்சு. இன்னும் குறை கண்டுபிடிச்சு ஃபைலைத் திருப்பி அனுப்பிண்டிருக்கேளே" என்றாள்.

6 நவம்பர்

கீழ்வீட்டு ராமமூர்த்தி என்னைவிடக் கலங்கிப்போனார். ஜாங்கிரியை எண்ணித் தீபாவளியிலிருந்தே வயிற்றைப் பத்திரப்படுத்தி வந்தாராம். "ஓய், சூடான்காரன் வந்து உமக்கு அட்சதை போடுவானா?" என்றார். அவர் என் கட்சி என்றதும் என் கட்சியின் மீதே எனக்கு ஐயம் பிறந்தது.

9 நவம்பர்

மாலை பூஜையில் மீண்டும் பாத்திரம் என்று தொடங்கினேன். பட்டு விளக்குத்திரியைத் தூண்டியபடியே சொன்னாள்.

"தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனப்போ எனக்குப் பதினோரு வயசு. ராமேஸ்வரத்துக்கு வர பாலமும் போயிடுத்து. யாரோ அனுப்பின அரிசியைத்தான் சாப்பிட்டோம். யாருன்னு இன்னிவரைக்கும் தெரியாது. அவாளும் எங்க கோத்திரத்தைக் கேக்கலை."

ஐம்பது வருஷம் கூடவே இருந்திருக்கேன். நட்சத்திரம் கேட்டேன், ராசி கேட்டேன். பசிச்சுதா – கேட்டேனா? ஒரு நாள்?

10 நவம்பர்

சமையற்காரரிடம் விருந்து இல்லை என்று தெரிவித்தாயிற்று.

17 நவம்பர்

கைப்பேசியில் நொடியில் அனுப்பிவிடலாம் என்றார் ராமமூர்த்தி. நீர் வார்க்காமல் கொடுப்பது தானமாகாதே என்றார் எங்கள் புரோகிதர் பாலு வாத்தியார். கைப்பேசியின் மீது நீர் வார்ப்பதும் உசிதமன்று. ஆகவே காசோலை எழுதி, துளசியும் செம்பில் நீரும் எடுத்துக்கொண்டு, பட்டுவுடன் மெட்ரோவில், சூடானுக்கு உதவி அனுப்பும் ஒரு தொண்டு அமைப்பின் அலுவலகத்துக்கே சென்றேன்.

மேஜைக்குப் பின்னால் ஒரு வடநாட்டுப் பெண் அமர்ந்திருந்தாள். கையை நீட்டச் சொன்னேன். காசோலையை வைத்து, துளசி இட்டு, உத்தரிணியால் நீர் வார்த்தேன். அவள் மிகுந்த பக்தியுடன் அதை உறிஞ்சிக் குடித்து, மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டாள். பிறகு ஈரக் காசோலையை மின்விசிறியடியில் உலர்த்தினாள்.

மெட்ரோக் கதவு மூடும்வரை அடக்கிவைத்திருந்த சிரிப்பைப் பட்டு அங்கே அவிழ்த்துவிட்டாள். "வாங்கினவா குடிச்சே முடிச்சாச்சு. இனிமே திருப்பிக் கேக்க முடியாது."

22 ஜனவரி 2026

சதாபிஷேகம் வீட்டிலேயே நடந்தேறியது. ராமமூர்த்தி அட்சதை போட்டார். கிடைத்தது காப்பி மட்டும் என்பதை மும்முறை நினைவூட்டினார்.

சங்கல்பத்தில், குடும்பத்தாரின் க்ஷேமத்துக்காக என்னும் இடத்தில் என் நா தானாகவே சூடான் தேசத்தாரையும் சேர்த்துக்கொண்டது. பாலு வாத்தியார் நிறுத்தினார். "மாமா, நான் அப்படிச் சொல்லிக் குடுக்கலையே" என்றார்.

நான் பட்டுவைப் பார்த்தேன். அவளோ வாத்தியாரைப் பார்த்தாள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சங்கல்பத்தை முதலிலிருந்து தொடங்கி, அவர்களையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தார்.