துணை மேயரின் நீலத் தலை

அக்டோபர் 4, சனி

மாயகுவெஸில் பெரியம்மா வீட்டிலிருந்து திரும்பினால், இங்கே ஒரு சாவு. என் உப்புநீர்த் தொட்டியின் நீலத்தலை ராஸ் மீன் - மேயர் - இல்லை. நேற்று முழுக்கக் கரண்ட் இல்லையாம். அது ஒன்றும் புதிதல்ல, எங்கள் போன்ஸே ஊரில் கரண்ட் இருந்தால்தான் செய்தி. வீட்டைப் பார்த்துக்கொண்டவர் தோன் எஃப்ராயின், மாமியின் - அதாவது என் அம்மாவின் - நண்பர். (நண்பருக்கு எதற்கு மாமியின் அலமாரியில் துணி வைக்க ஒரு தட்டு?)

"குதிச்சிடுச்சு நேனா" என்றார், என்னைப் பார்க்காமல். (நேனா என்றால் சின்னப்பெண். நான்தான்.) முற்றத்துச் செடியடியில் புதைத்துவிட்டாராம்.

வலை மூடியைக் கொக்கி போட்டுவிட்டுத்தான் போனேன். கொக்கியைக் கழற்றிவிட்டா குதித்தார்?

மேயர் மேயப் போயிருக்கிறார் என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

அக்டோபர் 5

நவம்பர் ஒன்றிலிருந்து தோன் எஃப்ராயின் இங்கேயே இருக்கட்டுமா என்று மாமி கேட்டாள். "நீ வேண்டாம்னா வேண்டாம். சத்தியமா." மாத முடிவுக்குள் சொல்கிறேன் என்றேன்.

மாமியின் செருப்பில் தவளை வைத்திருக்கிறேன். பெரியம்மாவின் முகப்பூச்சில் மயோனைஸ் கலந்திருக்கிறேன். இவருக்கு இதுவரை ஒன்றுமே செய்ததில்லை. குறும்பெல்லாம் வீட்டு ஆட்களுக்குத்தான்.

அக்டோபர் 9

மிச்சமிருக்கும் ஒரே ராஸ் ஒரு மஞ்சள் பெண் மீன்; பெயர் துணை மேயர். மேயர் இருந்தவரை பாறைக்குப் பின்னால் பதுங்கியே காலம் தள்ளியவள். இப்போது கோபி மீனைத் துரத்துகிறாள், நத்தையைக் கவிழ்க்கிறாள், என் விரலையே கொத்தினாள். இவளா அவள்?

அக்டோபர் 13

மஞ்சள் மங்குகிறது. தலை கறுக்கிறது. இது வேறு மீன். என் மீனும் செத்து, நைசாக வேறொன்றை வாங்கி விட்டிருக்கிறார். மேயரைக் கொன்றதையும் இப்படித்தான் மூடி மறைத்திருப்பார் - என்ன ஆள் இவர்?

இன்று இரவு இங்கேதான் தங்குகிறார். தொட்டியைச் சுற்றித் தரையில் முகப் பவுடர் தூவிவிட்டேன்.

அக்டோபர் 14

காலையில் பார்த்தால் பெரிய பாதத் தடங்கள், தொட்டிவரை போய்த் திரும்பியிருக்கின்றன. பக்கத்தில் ஒரு ஜாடி வைத்த வட்டம். எதை ஊற்றுகிறார்? சாயமா?

அக்டோபர் 18, சனி

தலை இப்போது சுத்த நீலம். கழுத்தில் கறுப்புப் பட்டைகூட வந்துவிட்டது. கையும் களவுமாகப் பிடிக்க மீன் கடைக்கே போனேன். தோன் எஃப்ராயின் யாருக்கும் தெரியாமல் நீலத்தலை வாங்கினாரா என்று கடைக்கார இவெலிஸிடம் கேட்டேன். சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு.

"யாருடி வாங்கினா? பெரியவன் போனா பொம்பளையில பெரியவ ஆணா மாறிடுவா. இந்த மீனோட குணமே அது. உன் மஞ்சளுக்கு ஏதாவது அடையாளம் இருந்துச்சா?"

இருந்தது. முதுகுத் துடுப்பில் ஒரு முள் பிறவியிலேயே வளைந்தது.

கிளம்பும்போது அவளே சொன்னாள்: "கரண்ட் போன அன்னிக்கு அந்த மனுஷன் ஓடி வந்தாரு. மூடியைத் திறந்து, கப்பால மொண்டு மொண்டு உயரத்திலேருந்து ஊத்துங்க, காத்து கலக்கும்னேன். கை ஓயாம ஊத்தியிருக்காரு. மறுநாள் தோளைத் தூக்க முடியாமத்தான் வந்து நின்னாரு. ஒண்ணு குதிச்சிடுச்சு, பொண்ணுகிட்ட என்னன்னு சொல்வேன்னாரு."

வீட்டுக்கு வந்து தொட்டியில் மூக்கை ஒட்டிப் பார்த்தேன். முள் வளைந்துதான் இருக்கிறது.

அக்டோபர் 19

ஆவியாகிக் குறையும் தண்ணீருக்கு உப்பில்லாத தண்ணீர் விட வேண்டும். என் வேலை. நான் விட்டு எத்தனை நாளாயிற்று? தொட்டியில் நான் போட்ட கோட்டுக்குக் கீழே தண்ணீர் ஒருநாளும் இறங்கவில்லையே.

ஜாடி.

அக்டோபர் 26

என் முடிவு என்னவென்று மாமி கேட்கவில்லை. சட்டைகளை மட்டும் திரும்பத் திரும்ப மடிக்கிறாள்.

அக்டோபர் 31

காலையில் அவர் வந்தபோது காபி நான்தான் போட்டேன். மூன்று கரண்டி உப்பு. மாமி என் கையைப் பார்த்துவிட்டாள், வாயைத் திறக்கவில்லை.

ஒரு மடக்கு. கண் கலங்கியது. கோப்பையைக் கீழே வைக்காமல் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

"துணை மேயர் தண்ணியை எனக்கு ஊத்திட்டியா நேனா?"

"அவங்க இப்போ மேயர்" என்றேன்.

மாமி கழுவுதொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரித்தாளா, அழுதாளா, தெரியவில்லை.

நான் ஒளித்து வைத்த சர்க்கரை டப்பா இன்னும் என் கட்டிலுக்கடியில்தான் இருக்கிறது.