அறுபதாம் நாளில் தோண்டிய கிழங்கு

இரத்தோட்டை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கிருஷாந்தினிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அந்தக் குளிர் நாட்டில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறோம். அம்மாவின் முழங்காலுக்கு மாத்தளை கிளினிக்கில் மருந்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், கொஞ்சம் பரவாயில்லை. மூன்று வாரமாக நீ போன் எடுக்கும்போதெல்லாம் உருளைக்கிழங்கு எப்படி என்று கேட்டாய், நானும் நல்லா இருக்கு நல்லா இருக்கு என்று சொல்லிச் சமாளித்தேன். பொய் சொன்னேன் மகள். வாயால் சொல்ல முடியாமல்தான் எழுதுகிறேன், பக்கத்து லயத்து வீட்டு தினுஷா இதைப் போட்டோ பிடித்து உனக்கு அனுப்புவாள்.

நீயும் உன்னோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்களும் சேர்த்து அனுப்பிய காசில் விவசாயப் பயிற்சி நன்றாகவே நடந்தது, அதில் ஒரு குறையும் இல்லை. அனுஷியா டீச்சர் பன்னிரண்டு புதன்கிழமையும் மாத்தளையில் இருந்து பஸ் ஏறி வந்தார். தேயிலை செத்துக் காடாய்க் கிடந்த மேல்மலையில் பயிர் செய்துகொள்ளத் தோட்டத்துத் துரை சொன்னதும், பதினொரு குடும்பமும் அதை வெட்டித் துப்புரவாக்கினோம். சரிவுக்குக் குறுக்கே பாத்தி கட்டவும், மானாப்புல்லை வெட்டி மண்ணை மூடி வைக்கவும், காலையில் இலையைத் திருப்பிப் பார்த்து நோய் விழுந்ததைக் கிள்ளி எறியவும் காட்டித் தந்தார். லயத்துக்குப் பின்னால் கிழங்கு போட்ட காலத்தில் வாரத்துக்கு இரண்டு தரம் மருந்து அடித்தவன் நான், இந்தத் தடவை எல்லாமாக மூன்று தரம்தான் அடித்தேன், அப்படியும் செடி இடுப்பளவு வந்து பூத்தது. கடைசி வீட்டு ராசம்மா உனக்கு ஞாபகம் இருக்கும், புருஷன் போனபிறகு ஒற்றை ஆளாக இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவள். புதன்கிழமை கொழுந்து பறிக்கப் போகாட்டி செக்ரோல்ல பேரை வெட்டிருவாங்க அண்ணே என்று பயந்தாள். நான் பாத்துக்கிறேன் வா என்று நான்தான் கூட்டிப்போனேன். மூன்றாம் மாதம் அவள் பயந்தபடியே பேரை வெட்டி வேலையில் இருந்து நிறுத்தினார்கள். கிழங்கு கைகொடுக்கும் என்று அப்போதும் தைரியம் சொன்னேன்.

நட்டு அறுபது நாள் ஆகியிருந்தது. ஆபீசில் இருந்து கிளாக்கர் வந்து, அந்த மலையை ஹோட்டல் கட்டக் குத்தகைக்குக் கொடுத்தாச்சு, மூணு நாள்ல காலி பண்ணுங்க என்று சொன்னார். ஒரு மாசம் பொறுங்க ஐயா, கிழங்கு முத்தட்டும் என்று எல்லாரும் கேட்டோம். முந்தின துரை வாயால சொன்னது எங்களுக்கு எதுக்கு, கடுதாசி இருந்தா கொண்டாங்க என்றார். கடுதாசிக்கு நான் எங்கே போக. முதல் நாளே டீச்சர் என்னிடம், எழுத்துல ஒண்ணு வாங்கிக்குங்க என்று சொன்னவர்தான். துரை சொன்னா சொன்னதுதான் டீச்சர் என்று நான் பெருமையாகப் பேசினேன். அந்தத் துரை வேறு தோட்டத்துக்கு மாறிப் போய்விட்டார்.

மூன்று நாளும் விடியலில் இருந்து தோண்டினோம், முக்கால்வாசி பெருவிரல் அளவுதான். நாலாம் நாள் மண் அள்ளும் பெக்கோ மெஷின் வந்து பாத்தியெல்லாம் வழித்துப் பள்ளத்தில் தள்ளியது, மிச்சச் செடி பூவோடு போனது. தம்புள்ளைக்குக் கொண்டுபோன மூட்டைகளை வியாபாரி அவிழ்த்துப் பார்த்துவிட்டு, இதை யாரு வாங்குவா, வீட்லயே அவிச்சு சாப்பிடுங்க என்று திருப்பிவிட்டான். ராசம்மா ஆபீசுக்கு இரண்டு தரம் நடந்து பார்த்தாள், பேரைத் திரும்பப் போடமாட்டோம் என்றுவிட்டார்கள். போன திங்கட்கிழமை பிள்ளைகளைத் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்குப் போனாள். பஸ் வரைக்கும் அவள் பையைத் தூக்கிக்கொண்டு போனேன், என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. டீச்சர் சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்குண்ணே, எங்க போய் நடுறது என்று மட்டும் கேட்டாள். மற்றவர்களும் என்னைக் கண்டால் நின்று பேசுகிறார்கள்தான், ஆனால் நான்தான் இப்போது காலையில் எல்லாரும் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்துப் பக்கம் போகாமல் சுற்றிப் போகிறேன்.

அடுத்த பயிற்சிக்கும் காசு சேர்கிறது என்று சொன்னாய். வேண்டாம் மகள், நிறுத்திவிடு. எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைத்தார், நடுவதற்கு ஒரு சாண் மண் எங்கள் பேரில் இல்லை, அதை முதலே யோசிக்காமல் போனேன். காசு தந்தவர்களுக்குக் காட்ட அறுவடைப் போட்டோ ஒன்று கேட்டிருந்தாய். தினுஷாவிடம் சொல்லி இன்றைக்கு மேல்மலை கிடக்கிற கிடையை எடுக்கச் சொன்னேன், வெறும் சிவப்பு மண்தான், அதையே காட்டு, ஒன்றையும் மறைக்காதே.

மாத்தளை முத்துமாரி உங்கள் மூன்று பேரையும் கண்போல வைத்திருக்கட்டும், பேரனுக்கு எங்கள் முத்தம். ஒன்றை மறந்துவிடாதே, அனுஷியா டீச்சருக்கு ஒரு போன் எடு. அந்தப் பிள்ளை தன் பிழை என்று நினைத்து அழுகிறதாம். பிழை அப்பாவுடையது என்று நீயே சொல்லு, நான் சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறது.

இப்படிக்கு,
உன் அப்பா
சு. மகேஸ்வரன்